கச்சான் காற்றும் திருச்சிலுவைக் குன்றும்

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது முன்னோர் வாக்கு. அம்மி பறப்பதை நாங்கள் கண்டதில்லை. ஆனால், கடந்த ஆடி மாதத்தில் மணப்பாட்டுக் கடலின்மீது ஒரு மனிதன் நின்றவாறே பறந்து செல்வதைக் கண்டோம். அவன் எங்கள் தம்பியின் மகன். அவனுக்கு வயது இருபத்திரண்டு. ஒரு பலகை, ஒரு மரம், ஒரு பாய் ஆகிய இம்மூன்றையும் துணைக்கொண்டு அவன் கடலில் இறங்கியதும், அதன்பின் நடந்தவையும் எங்கள் குடும்பத்தார் எளிதில் மறக்கக் கூடியவை அல்ல.

மணப்பாடு எங்கள் தாயாரின் பிறந்த ஊர். திருச்செந்தூரிலிருந்து தெற்கே ஏறத்தாழ 18 கிலோமீட்டர் தொலைவில், மன்னார் வளைகுடாவின் ஓரத்தில் அமைந்துள்ளது. குலசேகரன்பட்டினத்தைக் கடந்தால் இருபுறமும் பனைகள். கருப்பட்டிக்குப் பெயர்பெற்ற உடன்குடி அருகிலேயே இருக்கிறது. சற்று உள்ளே சென்றால், செம்மணல் மேடுகள் அலை அலையாக எழுந்து நிற்கும் தேரி நிலம். பனைகளுக்கு அப்பால் திடீரென்று நிலம் உயர்ந்து கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது. அந்தக் குன்றின் உச்சியில் வெண்ணிறமாய் விளங்குவதே திருச்சிலுவை ஆலயம். குன்றின் ஒருபுறம் அலை மோதும் திறந்த கடல்; மறுபுறம் வளைந்து அமைந்த கரை. கருமேனியாறு கடலோடு கலக்கும் இடத்தில் மணல் திட்டு ஒன்று நீண்டு கிடக்க, அதன் உட்புறத்தில் ஆழமற்ற நீர் கண்ணாடிபோல் பரந்திருக்கிறது.

காற்றின் வழி

இவ்வூருக்கு இத்துணைக் காற்று எங்கிருந்து வருகிறது? ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று அரபிக் கடலிலிருந்து எழுந்து மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதுகிறது. மழையைக் கேரளத்தில் கொட்டிவிட்டு, மலையின் தென்கோடியில் உள்ள ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கண்டதும், அடைபட்ட வெள்ளம் மடை திறந்தாற்போல் பாய்கிறது. முப்பந்தலில் நூற்றுக்கணக்கான காற்றாலைகள் நிற்பதன் காரணம் இதுவே. வறண்ட அக்காற்று சமவெளியைக் கடந்து, தேரி மணலை வாரி இறைத்துக்கொண்டு கிழக்குக் கடற்கரைக்கு வருகிறது. அந்தச் செம்மணல் மேடுகளே பல்லாயிரம் ஆண்டுகளாகக் காற்று வாரிக் குவித்தவை என நிலவியலார் கூறுகின்றனர்.

கடலோர மக்கள் காற்றைப் பெயர்சொல்லி அழைப்பவர்கள். வடக்கிலிருந்து வருவது வாடை. கிழக்கிலிருந்து வருவது கொண்டல். மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வீசுவது கச்சான். எங்கள் தாய்மாமன் எண்பதை நெருங்கியவர். வல்லத்தில் பாய் விரித்து ஓடிய தலைமுறையைச் சேர்ந்தவர். விடியற்காலையில் வாசலில் நின்று, கன்னத்தில் படும் காற்றைக்கொண்டே அன்றைய கடலைச் சொல்லிவிடுவார்.

நாங்கள் சென்ற அன்று அவர் சொன்னது இது: "கச்சான் கரையிலிருந்து கடலுக்குப் போகிற காற்று. போகும்போது தோளில் கை போட்டுக் கூட்டிப்போகும். திரும்பும்போது முகம் பார்க்காது."

முறிந்த பாய்மரம்

மணப்பாட்டின் வரலாறே ஒரு காற்றில் தொடங்குகிறது. 1540-ஆம் ஆண்டில், நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக் கீழைநாடு நோக்கி வந்த போர்த்துக்கேயக் கப்பலொன்று கடும் புயலில் சிக்கியது; பாய்கள் கிழிந்தன; மரம் முறிந்தது. உயிர் தப்பினால் முறிந்த மரத்தில் சிலுவை செய்து, கரையேறும் இடத்தில் நாட்டுவதாகத் தலைவன் நேர்ந்துகொண்டான். கப்பல் மணப்பாட்டுக் கரையை அடைந்தது. குன்றின்மேல் சிலுவை நாட்டப்பட்டது. இவ்வாறு ஊர் மரபு கூறுகிறது.

1542-இல் புனித பிரான்சிஸ் சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்தார். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே இக்கரையின் பரதவ மக்கள் திருமுழுக்குப் பெற்றிருந்தனர். ஆனால் மறையறிவு ஊட்ட ஆளில்லை. குன்றின் கடற்புறத்தில் உள்ள குகையில் அவர் தங்கிச் செபித்தார் என்பர். முன்பு ஒரு சைவத் துறவி வாழ்ந்த குகை அது. இன்றும் யாத்திரிகர் அங்கே முழந்தாளிட்டுச் செபிக்கின்றனர். 1581-இல் குன்றின்மேல் ஆலயம் எழுந்தது. ஆண்டவர் அறையுண்ட மெய்யான சிலுவையின் திருப்பண்டம் இங்குப் போற்றப்படுகிறது. செப்டம்பர் 14 அன்று நடைபெறும் மகிமைப் பெருவிழாவுக்குப் பல ஊர்களிலிருந்தும் மக்கள் திரளுவதை வாசகர்கள் அறிவீர்கள்.

புதிய பாய்மரக்காரர்கள்

இந்தப் பழம்பெரும் கரைக்கு அண்மைக் காலத்தில் புதுவகை யாத்திரிகர் சிலர் வருகின்றனர். இவர்கள் தேடி வருவது காற்றை. பாய்ப்பலகை விளையாட்டு, பட்டப்பலகை விளையாட்டு என இரண்டு உண்டு. 'விண்ட் சர்ஃபிங்', 'கைட் சர்ஃபிங்' என்று எங்கள் பிள்ளை சொல்வது இவற்றைத்தான்.

முதலாவது, 1960-களின் பிற்பகுதியில் கலிபோர்னியாவில் ஜிம் டிரேக் என்ற வானூர்திப் பொறியாளரும் ஹாயில் ஷ்வைட்சர் என்பவரும் சேர்ந்து உருவாக்கியது. அதற்கு முன்பே வேறு சிலரும் இத்தகைய பலகைகளைச் செய்து பார்த்ததுண்டு. 1984 முதல் ஒலிம்பிக்கில் இடம்பெற்றுள்ளது. இதன் நுட்பம் முழுவதும் ஒரு மூட்டில் அடங்கியிருக்கிறது. பாய்மரம் பலகையில் அசையாமல் ஊன்றப்பட்டிருப்பதில்லை. எத்திசையிலும் சாயும்படி இரப்பர் மூட்டொன்றால் பொருத்தப்பட்டிருக்கிறது. சுக்கான் கிடையாது. பாயைத் தழுவிநிற்கும் வளைகோலைப் பிடித்துக்கொண்டு மரத்தை முன்னே சாய்த்தால் பலகை காற்றை விட்டு விலகும். பின்னே சாய்த்தால் காற்றை நோக்கித் திரும்பும். மாமா இதைக் கேட்டுச் சிரித்தார். "நாங்கள் தாமான் கயிற்றாலும் சுக்கானாலும் செய்ததை இவன் இடுப்பாலே செய்கிறான்" என்றார்.

இரண்டாவது இன்னும் விந்தையானது. பிரான்சு நாட்டைச் சேர்ந்த புரூனோ, தொமினிக் லெகேனூ என்ற உடன்பிறந்தார் இருவர், நீரில் விழுந்தாலும் மூழ்காத காற்றடைத்த பட்டத்துக்கு 1984-இல் காப்புரிமை கோரினர். இருபது மீட்டருக்கு மேல் நீளும் கயிறுகளால் பட்டம் இடுப்புவாரோடு இணைந்திருக்கும். கால்களில் சிறு பலகை. இது 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் முதன்முறையாக இடம்பெற்று, மார்செய் கடலில் நடைபெற்றது. கடல்மேல் பல மீட்டர் உயரம் தாவ வல்லவர்கள் இவர்கள். ஆனால் பட்டம் இழுத்தால் ஆளையும் இழுக்கும். ஆகவே நொடிப்பொழுதில் அதை அவிழ்த்துவிடும் விசையைக் கையாளப் பழகாதவர் இதனருகே செல்லலாகாது.

இவ்விரண்டிலும் முதற்பாடம் ஒன்று உண்டு. காற்றின் வேகம் இருமடங்கானால் அதன் விசை இருமடங்காவதில்லை, நான்கு மடங்காகிறது. மும்மடங்கானால் விசை ஒன்பது மடங்கு. காலையில் தென்றல்போல் விளையாடிய காற்று மாலையில் ஆளைத் தூக்கியெறிவது இதனாலேயே.

மணப்பாட்டில் இன்னொரு இடரும் உண்டு. கச்சான் தரையிலிருந்து கடல்நோக்கிச் சாய்வாக வீசுவதால், கரையோரத்தில் அலை எழுவதில்லை. குன்றின் மறைவில் காற்றே இல்லாததுபோலத் தோன்றும். நீர் தட்டையாய், அழைப்பதுபோல் கிடக்கும். சிறிது தூரம் சென்று மறைவைக் கடந்ததும் முழுக்காற்றும் முதுகில் அறையும். அங்கிருந்து கிழக்கே அடுத்த கரை இலங்கை. ஏறத்தாழ 200 கிலோமீட்டர்.

அந்தப் பிற்பகல்

மூன்று நாள்கள் எங்கள் பிள்ளை மணல் திட்டின் உட்புறத்திலேயே ஓடினான். கரையில் நின்ற சிறுவர்கள் கைதட்டினர். மகிழ்ச்சியோடு நாங்களும் பார்த்தோம். எங்கள் தாயார் மட்டும் கடற்கரைக்கு வரவில்லை. "காற்றோடு விளையாட்டு வேண்டாம்" என்ற ஒரே சொல்லோடு வீட்டினுள் இருந்துவிட்டார். முதுமையின் அச்சம் என்று நாங்கள் எண்ணிக்கொண்டோம்.

நான்காம் நாள் காற்று மிகுந்தது. பட்டம் விட வந்திருந்த இரு வெளியூர் இளைஞர்கள், வானத்தைப் பார்த்துவிட்டுப் பட்டங்களின் காற்றைப் பிடுங்கிச் சுருட்டி வைத்துவிட்டனர். அவர்கள் பல ஆண்டுப் பழக்கம் உடையவர்கள். எங்கள் பிள்ளையோ சிறிய பாயை மாட்டிக்கொண்டு இறங்கினான். குன்றின் முனைவரை சென்று திரும்பிவிடுவதாகச் சொன்னான். தடுத்திருக்க வேண்டும், தடுக்கவில்லை. அந்தக் குற்றம் எங்களுடையதே.

நாங்கள் குன்றின்மேல் ஆலய முற்றத்தில் நின்றோம். மாமாவும் உடன் இருந்தார். பாய் முனையைக் கடந்தது, அம்பெனப் பாய்ந்தது, பிறகு வீழ்ந்தது. விழுவதும் எழுவதும் அவ்விளையாட்டில் இயல்பு. நாங்கள் காத்திருந்தோம். பாய் எழவில்லை. வெண்ணுரைகளுக்கிடையே ஒரு புள்ளியாகி, அப்புள்ளியும் மறைந்தது.

மாமா ஒன்றும் பேசாமல் படியிறங்கினார். அத்துணை விரைவாக அவர் நடந்து நாங்கள் பார்த்ததில்லை. கரையில் அப்போதுதான் வலை இறக்கிக்கொண்டிருந்த இரண்டு இளைஞர்கள், அவர் சொல்லி முடிக்குமுன்பே வள்ளத்தைத் தள்ளினர். இயந்திரம் உறுமியது. மாமா அணியத்தில் ஏறி அமர்ந்துகொண்டார்.

பாய் விழுந்த இடத்தை நோக்கி அவர்கள் திருப்பியபோது அவர் மறுத்துவிட்டாராம். "அவன் அங்கே இருக்கமாட்டான். காற்று ஒருபக்கம் தள்ளும், நீவாடு ஒருபக்கம் இழுக்கும். இரண்டுக்கும் நடுவே ஓட்டு" என்று வடகிழக்கே கைகாட்டினார். நீரோட்டத்துக்கு அங்கே நீவாடு என்று பெயர்.

கரையில் நின்ற எங்களுக்கு அந்த ஐம்பது நிமிடங்கள் ஐம்பது ஆண்டுகளாய்க் கழிந்தன. செபமாலை கையில் இருந்தது. எத்தனையாவது மணியில் நின்றோம் என்பது தெரியவில்லை. யார் சொன்னார்களோ, எங்கள் தாயார் அங்கே வந்து நின்றார். மணலில் அமர்ந்தார். கடலைப் பார்க்கவில்லை, குன்றின் உச்சியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வள்ளம் திரும்பி வந்தபோது அதில் நால்வர் இருந்தனர்.

கூலி இல்லாத வேலை

நடந்தது இதுதான்: பாய்மரத்தைப் பலகையோடு இணைக்கும் இரப்பர் மூட்டு, முழுக்காற்று அறைந்தபோது அறுந்துபோயிற்று. மரமும் பாயும் தனியே, பலகை தனியே. பிள்ளை ஒன்று மட்டும் சரியாகச் செய்திருந்தான். நீந்திக் கரைசேர முயலவில்லை. பலகையை விடாமல் பற்றிக்கொண்டு, பாயின் தூக்குக்கயிற்றைப் பலகையில் கட்டியிருந்தான்.

"பாயை விட்டுவிடவில்லையே?" என்பதுதான் அவனை வள்ளத்தில் ஏற்றியதும் மாமா கேட்ட முதல் கேள்வியாம்.

"இல்லை தாத்தா, கட்டிக்கொண்டேன்."

"அதுதான் உன்னைக் காப்பாற்றியது, மக்கா. தண்ணீரில் கிடந்த பாய் நங்கூரம்போல இழுத்துப் பிடித்திருக்கிறது. இல்லையென்றால் இந்நேரம் உன்னைத் தேடி நாங்கள் எங்கே போவது?"

கரையிலிருந்து 4 கிலோமீட்டருக்கு மேல் போய்விட்டதாக வள்ளக்காரர் சொன்னார்கள். அவர்கள் கையில் நாங்கள் பணத்தை வைத்தோம். இருவரும் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டனர். "எண்ணெய்க் காசாவது வாங்கிக்கொள்ளுங்கள், தம்பி" என்றோம். மூத்தவர் சொன்னார்: "அண்ணாச்சி, கடலில் கிடக்கிறவரைத் தூக்குவதற்கு இங்கே கூலி கிடையாது. நாளைக்கு நாங்கள் கிடப்போம். வேறு யாராவது தூக்குவார்கள். வேண்டுமானால் குன்றிலே ஒரு மெழுகுதிரி ஏற்றுங்கள்." அவர்கள் இறக்காமல் விட்டுச்சென்ற மீன் வெயிலில் வாடிக் கிடந்தது. அதைப்பற்றியும் அவர்கள் ஒரு சொல் பேசவில்லை.

அன்றிரவு மாமா எங்களிடம் பேசினார். வீட்டுச் சுவரில் திரு இருதயப் படத்துக்குக் கீழே ஓர் இளைஞரின் மங்கிய நிழற்படம் உண்டு. எங்கள் சின்ன மாமா, இளமையிலேயே கடலில் மறைந்தவர் என்பது மட்டுமே எங்களுக்குத் தெரியும். இதேபோன்ற ஓர் ஆடியில், பாய் வல்லத்தில் அண்ணனும் தம்பியுமாகச் சென்றார்கள். கச்சான் மிஞ்சியது; பாய்மரம் முறிந்தது; வல்லம் கவிழ்ந்தது. பெரியவர் வல்லத்தைப் பற்றிக் கிடந்தார். இளையவர் நல்ல நீச்சற்காரர். கரை தெரிகிறது, நீந்தி ஆள் கூட்டி வருகிறேன் என்று சென்றார். பெரியவரை மறுநாள் வேறொரு வல்லத்தார் கண்டெடுத்தனர். இளையவர் வரவே இல்லை.

"கரை தெரிகிறது என்று நீந்தினான்" என்று இருமுறை சொல்லி நிறுத்திக்கொண்டார். தன் தம்பியைத் தேடமுடியாத கடலில் அன்று அவர் எங்கள் பிள்ளையைத் தேடினார் என்பதை அப்போதுதான் உணர்ந்தோம். தாயாரின் மறுப்பு முதுமையின் அச்சம் அன்று என்பதும் விளங்கிற்று.

பிள்ளை தலைகுனிந்து, "இனி இதைத் தொடமாட்டேன், தாத்தா" என்றான். மாமா மறுத்தார். "தொடாதே என்று நான் சொல்லவில்லை. காற்றை விட்டுவிட்டால் நாங்கள் எதைத் தின்றிருப்போம்? காற்று ஆண்டவர் தந்தது. ஆனால் கரையில் ஒரு வள்ளமும், அதில் ஓர் ஆளும் உன்னைப் பார்த்துக்கொண்டிருக்காமல் இறங்காதே. காற்று கடலுக்குப் போகிற நாளில் திட்டுக்கு வெளியே போகாதே. எல்லாவற்றுக்கும் மேலே, வீட்டிலே வேண்டாம் என்றால் ஏன் என்று கேள்."

பெற்றோர்க்கு ஒரு சொல்

நம் கடற்கரைப் பங்குகளில் இவ்விளையாட்டுகளில் ஆர்வங்கொள்ளும் பிள்ளைகள் பெருகி வருகின்றனர். தடுப்பதைவிட வழிகாட்டுவதே நன்று. தகுந்த பயிற்சியாளரிடம் கற்கட்டும். மிதவை அங்கியின்றி இறங்க வேண்டாம். மூட்டையும் கயிற்றையும் ஒவ்வொரு முறையும் சோதிக்கட்டும். பழகியவர்கள் கரையேறும்போது தாங்களும் ஏறட்டும். என்ன நேரினும் பலகையை விட்டு நீந்த வேண்டாம். மேலும், அந்தக் கடல் பிறர் உழைத்துண்ணும் வயல் என்பதை மறவாதிருக்கட்டும். வலை கிடக்கும் இடத்தில் ஓடுவதும், வள்ளம் இழுக்கும் கரையில் பாய் விரித்துப் போடுவதும் உழுத நிலத்தில் பந்தாடுவதற்கு ஒப்பாகும்.

காற்றின் வல்லமையை நம் மக்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயலில், கன்னியாகுமரிக் கடற்கரையில் எத்தனை இல்லங்கள் இருண்டன! ஆயினும் அதே மக்கள் மீண்டும் கடலுக்குச் சென்றார்கள்.

மணப்பாட்டில் தூய ஆவியின் பெயரால் ஓர் ஆலயம் உண்டு. எபிரேய மொழியில் காற்றுக்கும் மூச்சுக்கும் ஆவிக்கும் 'ரூவா' என்ற ஒரே சொல்தான் என்று மறைநூல் அறிஞர் கூறுவர். அது எங்கிருந்து வருகிறது, எங்கே செல்கிறது என்று அறியோம் என நம் ஆண்டவர் நிக்கதேமுக்கு இரவில் உரைத்ததும் நினைவுக்கு வருகிறது. அதை ஆளலாம் என்று எண்ணுகிறவன் முறிகிறான். அதன் வழியை அறிந்து பணிகிறவன் கரைசேருகிறான். பேதுரு தண்ணீரின்மேல் நடந்தபோது அவரை அமிழ்த்தியது காற்றைக் கண்ட அச்சம். அவரைத் தூக்கியது நீட்டிய ஒரு கை. எங்கள் பிள்ளைக்கும் அப்படியொரு கை நீண்டது. அதில் மீன்செதிள் ஒட்டியிருந்தது.

செப்டம்பர் 14 அன்று நாங்கள் மீண்டும் மணப்பாட்டுக்குச் சென்றோம். பிள்ளையும் வந்தான். அறுந்த இரப்பர் மூட்டை ஒரு துணியில் சுற்றி எடுத்து வந்திருந்தான். திருப்பலி முடிந்து மக்கள் கலைந்தபின், வள்ளக்காரர் கேட்டபடி ஒரு மெழுகுதிரி ஏற்றினான். பிறகு இன்னொன்றை எடுத்தான். யாருக்கு என்று நாங்கள் கேட்கவில்லை. எங்கள் தாயார் அருகில் சென்று, காற்றில் அணையாதபடி இரு கைகளாலும் அந்தச் சுடரை மறைத்துக்கொண்டு நின்றார்.